மெஷினை விட்ட கை தொட்டிலுக்கு வரட்டும்

காலையில் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டாரத்துக் கிராமச் சாலைகளில் கம்பெனி வண்டிகள் வந்து நிற்கும். சாப்பாட்டுப் பையோடு ஏறும் பெண்கள், ஷூ கம்பெனிகளில் நாள் முழுக்கக் குனிந்தபடி அப்பர் எனப்படும் ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பார்கள். சிலர் நின்றுகொண்டே பசை தடவுவார்கள். பல வருஷம் இப்படிப் போனால் கழுத்து பிடித்துக்கொள்ளும், தோள் வலிக்கும், விரல் மரத்துப்போகும். "இனிமேல் முடியாது" என்று வீட்டில் உட்காரும்போது சிலருக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்காது.

பிள்ளை வளர்த்த அனுபவம் இருக்கிறதே, அதையே வேலையாக்கிக்கொண்டால் என்ன? இப்படி ஒரு பெண் யோசிக்கும்போதே எதிர்க் கேள்வி வந்துவிடும்: "உன்னால் குழந்தையைத் தூக்க முடியுமா?"

கைக்குழந்தை என்றால் அது நியாயமான கேள்வி. ஆனால் ஊர் இன்னும் பால்வாடி என்று சொல்லும் அங்கன்வாடிக்குத் தினமும் வருவது இரண்டு வயது தாண்டிய பிள்ளைகள். கதை, பாட்டு, சாப்பாடு, எடை பார்ப்பது, பதிவேடு எழுதுவது என்றுதான் பணியாளரின் நாள் போகிறது. பாயில் உட்கார்ந்திருப்பவரின் மடிக்குப் பிள்ளை தானாகவே ஏறிவரும். பெரிய மையங்களில் உதவியாளர் ஒருவருக்கும் பணியிடம் உண்டு. ஓடும் பிள்ளையை எட்டிப் பிடிக்க முடியாதவரிடம் அத்தனை பேரையும் தனியாக விடக் கூடாது என்பதும் உண்மை. இருவராகப் பார்த்துக்கொண்டால் அந்தக் குறை தீரும்.

உடம்புக்கு ஏற்ற வேலையைத் தேடிக்கொண்டவர் ஒருவர் வேலூரிலேயே வாழ்ந்திருக்கிறார். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவர் மேரி வர்கீஸ் மகப்பேறு மருத்துவராக விரும்பியவர். 1954-இல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. உட்கார்ந்தபடியே செய்யக்கூடியது கை அறுவை சிகிச்சை என்பதால் அதைக் கற்றார். சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்தார். வேலூர்ப் பாகாயத்தில் 1966-இல் தொடங்கிய மறுவாழ்வு மையம் அவர் உழைப்பில் எழுந்தது.

இப்படிப் பிள்ளைகளுக்கான பணியில் இறங்கியவர்களும் உண்டு. தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-இல் தொடங்கிய எஸ்.ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது கடற்படைத் தேர்வில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர். தசைச்சிதைவு நோயுள்ள கணக்குத் தணிக்கையாளர் சங்கரராமன் 1992-இல் அவரோடு சேர்ந்துகொண்டார். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான பள்ளியும் பயிற்சியும் அங்கே நடக்கின்றன. இருவரும் சக்கர நாற்காலியில் இருந்தே அவற்றை நடத்தினார்கள்.

ஆனால் அணைக்கட்டுப் பெண்ணுக்கு அரசு வேலை என்னும் வழி குறுகலானது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியில் 4 சதவீத ஒதுக்கீடு தருகிறது. அதற்கு 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனச் சான்று வேண்டும். 2025-இல் வெளிவந்த அங்கன்வாடிப் பணியாளர் அறிவிப்புகளில் பொது வயது வரம்பு 35, மாற்றுத்திறனாளிகளுக்கு 38. படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு. தொடக்கத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். கழுத்து தேய்ந்த நாற்பது வயதுக்காரிக்குச் சான்று கிடைப்பதும் கடினம், வயதும் தாண்டியிருக்கும்.

அவளுக்கான வழி அவள் வேலை பார்த்த கம்பெனிக்குள்ளேயே இருக்கிறது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1976-இல் திருத்தப்பட்ட 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் காப்பக வசதி தர வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தில் சேர்த்தார்கள். காப்பகப் பொறுப்பில் இருப்பவர் குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்ணாக இருக்க வேண்டும் என்பதும் அந்தத் தொழிற்சாலைகள் சட்டத்தில் இருந்தது. அந்தப் பயிற்சியை, மெஷினில் உட்கார முடியாமல் போன தன் தொழிலாளிக்கே கம்பெனி கொடுக்கலாம். அங்கே தைக்கும் தாய்மார்களை அவளுக்குப் பெயர் சொல்லித் தெரியும். எந்தப் பிள்ளையின் அம்மா எந்த வரிசையில் இருக்கிறாள் என்றும் தெரியும்.

கைக்குழந்தையைத் தூக்க இன்னொரு ஆள், இடுப்பு உயரத்தில் ஒரு மேசை, கதவுக்கு நல்ல தாழ்ப்பாள்: அவள் கேட்பது இவ்வளவுதான். ஆம்பூர், வேலூர்ப் பக்கத்து முதலாளிகளே, அடுத்த முறை ஒரு பெண் கழுத்து வலி என்று கணக்கு முடித்துக்கொள்ள வந்தால், காப்பகத்தில் இடம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.