சூபாபுல் தின்ற ஆட்டுக்கு முடி கொட்டியது ஏன்?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, தவணை எல்லாம் நோட்டில் எழுதி முடித்து எழுந்திருக்கும் நேரத்தில் ஒரு அக்கா, "நீங்க சொல்லித்தானே சூபாபுல் நட்டேன், வந்து என் ஆட்டைப் பாருங்க" என்று வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனார். நாலு வெள்ளாடு. முதுகிலும் தொடையிலும் கொத்துக் கொத்தாக முடி உதிர்ந்து கிடந்தது. ஒரு ஆட்டுக்கு வாயிலிருந்து எச்சில் வடிந்துகொண்டே இருந்தது. கோடையில் வேறு பச்சை இல்லாததால், ஒரு மாதமாக வேலியில் நின்ற சூபாபுல் தழையை மட்டும்தான் ஒடித்துப் போட்டிருக்கிறார்.

தப்பு எங்கள் பேரில்தான். பயிற்சியில் "சூபாபுல் நடுங்க, புரதச் சத்து நிறைய இருக்கு" என்று சொன்னோம். எவ்வளவு போடணும் என்று சொல்லாமல் விட்டுவிட்டோம். அந்த அக்காவிடம் அங்கேயே ஒத்துக்கொண்டோம். பிறகு கால்நடை டாக்டரிடம் கேட்டதையும், தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். சில ஊர்களில் சவுண்டல் என்று சொல்கிறார்களே, அதுவும் இதே மரம்தான்.

முதலில் ஆடு மாட்டின் வயிற்றைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் வைக்கோலைச் சாப்பிட்டால் நமக்குச் செரிக்குமா? செரிக்காது. மாட்டுக்கும் தன்னால் அதைச் செரிக்க முடியாது என்றால் நம்புவீர்களா? வைக்கோலில் உள்ள நாரை உடைக்கிற சாறு மாட்டின் உடம்பில் சுரப்பதே இல்லை. அந்த வேலையை மாட்டுக்காகச் செய்வது அதன் வயிற்றில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்.

மாட்டின் வயிற்றில் நாலு அறை உண்டு. முதல் அறைதான் பெரியது. அதை டாக்டர்கள் ரூமன் என்பார்கள். பெரிய மாட்டில் அது 100 லிட்டருக்கு மேல் பிடிக்கும். இட்லி மாவுப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு புளிப்பது போலத்தான் அங்கே தீனி புளிக்கிறது. அந்தத் தண்ணியில் ஒரு மில்லி எடுத்தால் அதில் சுமார் ஆயிரம் கோடி பாக்டீரியா இருக்கும். அவை நாரைத் தின்று அமிலங்களாக மாற்றுகின்றன. மாட்டுக்குக் கிடைக்கிற சக்தியில் பெரும்பகுதி அந்த அமிலங்களிலிருந்துதான் வருகிறது. கடைசியில் அந்தப் பாக்டீரியாக்களே அடுத்த அறைகளுக்குப் போய்ச் செரித்து மாட்டுக்குப் புரதமும் ஆகின்றன. மாடு அசை போடும்போது ஊறும் எச்சில் ஒரு நாளைக்கு 100 லிட்டர் வரைகூட வரும். வயிற்றில் புளிப்பு மிஞ்சாமல் பார்த்துக்கொள்வது அந்த எச்சில்தான்.

இந்த நுண்ணுயிர்கள் காற்றுப் பட்டாலே செத்துப்போகும். அதனால் ரொம்ப காலம் யாராலும் இவற்றை வெளியே வளர்த்துப் பார்க்க முடியவில்லை. அமெரிக்காவில் ராபர்ட் ஹங்கேட் என்ற விஞ்ஞானி காற்றுப் படாமல் வளர்க்க ஒரு வழி கண்டுபிடித்தார். இவர் முதலில் ஆராய்ச்சி செய்தது கரையானை. கரையானும் மரத்தைத் தின்கிறது, அதன் வயிற்றிலும் வேலைக்காரர்கள் வேறு ஆட்கள்தான்.

இப்போது சூபாபுலுக்கு வருவோம். இது மெக்சிகோ பக்கத்து மரம். இதன் தழையில் புரதம் நிறைய இருக்கிறது. கூடவே மிமோசின் என்று ஒரு விஷப்பொருளும் இருக்கிறது. முடி கொட்ட வைப்பது அதுதான். வயிற்றுக்குள் போனதும் மிமோசின் உடைந்து இன்னொரு பொருளாகிறது. அதற்கு டி.எச்.பி. என்று பெயர். இது கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பியைக் கெடுக்கும். சுரப்பி வீங்கும், தீனி எடுக்காது, உடம்பு தேறாது.

ஆஸ்திரேலியாவில் மாட்டுப் பண்ணைக்காரர்கள் இந்த மரத்தை மேய்ச்சலுக்கு வளர்த்தபோது இதே தொல்லை வந்தது. அங்கே சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனத்தில் ரேமண்ட் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி இருந்தார். அவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. ஹவாய்த் தீவில் இருக்கும் ஆடுகள் இதே தழையை வயிறு நிறையத் தின்கின்றன, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. மரம் ஒன்று, ஆடும் ஆடுதான். பிறகு என்ன வித்தியாசம்?

மூத்திரத்தைப் பரிசோதித்ததில் விஷயம் வெளிப்பட்டது. ஆஸ்திரேலிய ஆட்டின் மூத்திரத்தில் டி.எச்.பி. நிறைய இருந்தது. ஹவாய் ஆட்டில் அது வரவேயில்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. அப்படியானால் வயிற்றுக்குள்ளேயே அதை யாரோ தின்றுவிடுகிறார்கள். ஹவாயில் இந்த மரமும் ஆடும் பல காலமாகச் சேர்ந்து இருக்கின்றன, அங்கே அதைத் தின்னும் ஒரு நுண்ணுயிர் ஆட்டின் வயிற்றில் குடியேறியிருக்கிறது, ஆஸ்திரேலியாவில் அது இல்லை என்று ஜோன்ஸ் சொன்னார். ஆஸ்திரேலியாவில் அசை போடும் பிராணியே முன்பு கிடையாது. ஆடு மாடு எல்லாம் வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுபோனவை.

சொன்னதோடு விடவில்லை. 1980-களில் அவரும் கூட வேலை செய்தவர்களும் இந்தோனேசிய ஆட்டின் ரூமன் தண்ணியையும், பிறகு ஹவாய் ஆட்டிலிருந்து எடுத்த நுண்ணுயிர்களையும் ஆஸ்திரேலிய ஆடு மாடுகளின் வயிற்றில் ஊற்றினார்கள். நாம் தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். சீக்கிரமே மூத்திரத்தில் டி.எச்.பி. மறைந்தது. அந்த மாடுகள் மற்ற மாடுகளோடு சேர்ந்து மேய்ந்ததில் அவற்றுக்கும் பரவியது. 1992-ல் அமெரிக்காவில் மில்டன் அலிசன் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் அந்தப் பாக்டீரியாவுக்கு சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்று பெயர் வைத்தார்கள். ஜோன்ஸ் பெயர் அதில் இருக்கிறது. குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் அரசே இந்த உறையைத் தயாரித்து மாட்டுக்காரர்களுக்குக் கொடுத்து வந்திருக்கிறது. இது ஒரு பாக்டீரியாவின் வேலை மட்டும் இல்லை, மாட்டின் கல்லீரலும் டி.எச்.பி.யைக் கட்டுப்படுத்துகிறது என்று பிற்பாடு நடந்த ஆய்வுகள் சொல்கின்றன.

சரி, நம்ம ஆட்டு வயிற்றில் அந்தப் பாக்டீரியா இருக்கா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு ஆடு தின்றுவிட்டு நன்றாக இருக்கிறதே என்று நம் ஆட்டுக்கும் வாரிப் போடுவது சரியில்லை. அளவாகப் போட வேண்டும். மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். ஆட்டுக்கு நாலு கிலோ பச்சை போட்டால் அதில் ஒரு கிலோ சூபாபுல். மாட்டுக்கு 15 கிலோ பச்சை என்றால் நாலு கிலோ போதும். மீதிக்குச் சோளத்தட்டை, புல், வேறு தழை போடலாம். சினை ஆட்டுக்கு இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். முயல், பன்றி, கோழிக்கு இந்த முதல் வயிறே கிடையாது, அவற்றுக்கு இதைத் தீனியாக்க வேண்டாம். தழையை வாட விட்டால் விஷம் போய்விடும் என்று சிலர் சொல்கிறார்கள். வாட விட்டால் மிமோசின் குறையும், ஆனால் அது டி.எச்.பி.யாக மாறி நிற்கும். அதை நம்பி அளவைக் கூட்டாதீர்கள்.

இதைப் படித்தபோது மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு சாவு ஞாபகம் வந்தது. 50,000 ரூபாய் கூட்டமைப்புக் கடனில் வாங்கிய கறவை மாடு. பக்கத்துத் தெருவில் கல்யாணம். மீந்த சோறும் பாயசமும் வீணாகக் கூடாதென்று ரெண்டு பெரிய பாத்திரம் நிறைய மாட்டுக்கு வைத்திருக்கிறார்கள். மறுநாள் மாடு எழுந்திருக்கவில்லை. வயிறு உப்பி, தண்ணியாகக் கழிந்து, அதற்கு அடுத்த நாள் விடிவதற்குள் செத்துவிட்டது. இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கவில்லை. அந்த அம்மா இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். கண்பட்டுவிட்டது என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள்.

கண்பட்டது இல்லை. சோறு என்பது மாவுச்சத்து. நாரைப் போல மெதுவாக இல்லாமல் சட்டென்று புளித்துவிடும். மாவைத் தின்னும் பாக்டீரியா ஒரே ராத்திரியில் பெருகி அமிலத்தைக் கொட்டும். நாரைத் தின்னும் பாக்டீரியாக்கள் அந்தப் புளிப்பில் செத்துவிடும். உடம்பில் இருக்கும் தண்ணியெல்லாம் வயிற்றுக்குள் இறங்கும். மாடு வறண்டுபோய்ச் சாகும். கம்பு, மக்காச்சோளம், அரிசி மூட்டையை அவிழ்த்துத் தின்றுவிட்டாலும் இதேதான் நடக்கும்.

அப்படி நடந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். தீனியை நிறுத்திவிட்டு உடனே கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்கள். 1962 என்ற இலவச எண்ணுக்கும் போன் செய்யலாம். ஆப்பச் சோடாவை எவ்வளவு கரைத்து ஊற்றுவது என்று டாக்டரே சொல்லட்டும், நாமாக ஊற்றிப் புரையேறிவிட்டால் அதுவே ஆபத்து. சில நேரம் டாக்டர்கள் நல்ல மாட்டின் ரூமன் தண்ணியை எடுத்து நோயாளி மாட்டுக்கு ஊற்றுவார்கள். பார்த்து அருவருப்புப் பட வேண்டாம். ஜோன்ஸ் செய்ததும் ஏறக்குறைய இதைத்தான்.

தீனியை மாற்றும்போதும் இதை மனதில் வையுங்கள். வைக்கோலிலிருந்து பச்சைக்கு, பழைய தீவனத்திலிருந்து புதுத் தீவனத்துக்கு மாறும்போது பத்து நாள் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். உள்ளே இருக்கும் கூட்டம் மாறுவதற்கு அவ்வளவு நாள் ஆகும். மாட்டுச் சந்தையில் வாங்கி வந்த அன்றே விருந்து வைப்பது நம்மிடம் இருக்கிற பழக்கம், அதை விட்டுவிடலாம்.

கூட்டத்தில் கேட்ட ஒரு கேள்வி: "அப்ப கழுநீர் ஊத்தக் கூடாதா?" தாராளமாக ஊற்றலாம். அரிசி கழுவிய தண்ணியும் ஒரு கை பழைய சோறும் தினமும் குடித்துப் பழகிய மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. பழகாத மாட்டுக்கு அண்டா நிறையச் சோறு வைப்பதுதான் கூடாது.

அந்த நாலு ஆட்டுக்கும் சூபாபுலை நிறுத்தி மூணு வாரம் ஆகிறது. போன வியாழக்கிழமை போய்ப் பார்த்தோம். முதுகில் முடி முளைக்க ஆரம்பித்திருக்கிறது. எச்சில் ஒழுகிய ஆடு மட்டும் இன்னும் இளைப்பாகத்தான் இருக்கிறது. யூரியா கலந்து வைக்கோலைப் பதப்படுத்துவது பற்றி மூன்று குழுக்கள் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த இதழில் எழுதுகிறோம், இந்த முறை அளவோடு சேர்த்து. அதுவரை யாரும் யூரியாவைக் கையில் எடுக்க வேண்டாம்.