வார இறுதித் தமிழ் வகுப்பறையும் இணையத்தின் கட்டற்ற வளங்களும்: கனடாச் சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

புலம்பெயர் நாடுகளில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்க்கு வரலாறு, இலக்கியம், கலை ஆகிய மானுடப் புலங்கள் சார்ந்த வளங்கள் இன்று இணையத்தில் பெருமளவில் இலவசமாகக் கிடைக்கின்றன. எனினும் கிடைக்கும் வளம் தானாகவே பாடமாகிவிடுவதில்லை. அதன் உரிமை நிலை, பதிப்பு நம்பகம், மாணவர் தகுதிக்கேற்ற அளவு ஆகியவை ஆராயப்பட்ட பின்னரே அது வகுப்பறைக்கு உரியதாகிறது. அத்தகைய வளங்களைத் தேடும் முறையையும் தெரிவு செய்யும் அளவுகோல்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. 1986ஆம் ஆண்டு நியூஃபவுண்ட்லாந்துக் கரையை அடைந்த ஈழத்தமிழ் ஏதிலியர் குறித்த மாதிரிப் பாடம் ஒன்றன் வழி அவற்றின் பயன்பாட்டையும் காட்டுகிறது.

கருச்சொற்கள்: கட்டற்ற கல்வி வளங்கள், மூலச்சான்று, எண்ணிம நூலகம், காப்புரிமை, புலம்பெயர் தமிழ்க்கல்வி.

1. முன்னுரை

ஒன்ராறியோ மாகாணத்தில் தொடக்கநிலை மாணவர்க்கான பன்னாட்டு மொழி வகுப்புகள் பெரும்பாலும் வாரத்திற்கு இரண்டரை மணி நேரமே நடைபெறுகின்றன. எழுத்து, வாசிப்பு, இலக்கணம், பேச்சுப் பயிற்சி ஆகிய அனைத்தும் அக்குறுகிய காலத்துள் அடங்க வேண்டும். எனவே வரலாறும் இலக்கியமும் பெரும்பாலும் விழாக்காலப் பேச்சுகளாகவும் மனப்பாடச் செய்யுள்களாகவும் சுருங்கிவிடுகின்றன.

இதன் விளைவு கவலைக்குரியது. வாரநாள்களில் ஆங்கில வழிப் பள்ளியில் பயிலும் மாணவர் ஒரு கூற்றைக் கேட்டவுடன் 'இதற்குச் சான்று யாது?' என வினவப் பழக்கப்படுகின்றனர். அதே மாணவர் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சான்று காட்டப்பெறாத பெருமைக் கூற்றுகளைக் கேட்கும்போது, தமிழ் என்பது நம்புவதற்கு உரியது, ஆராய்வதற்கு உரியதன்று என்ற எண்ணம் அவர்தம் உள்ளத்தில் படிந்துவிடுகிறது. தமிழ் வழியாகவும் வினவலாம், விடை தேடலாம் என்பதை அவர்கள் உணர வேண்டுமாயின் மூலச்சான்றுகள் வகுப்பறைக்குள் வர வேண்டும். அதற்குப் பொருட்செலவு இன்று தடையன்று. தேடலுக்கும் தெரிவுக்கும் உரிய பயிற்சியின்மையே தடை என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

2. 'இலவசம்' என்பதும் 'கட்டற்றது' என்பதும்

இணையத்தில் பணமின்றிப் பார்க்கக் கிடைப்பது இலவசம். படியெடுக்கவும் சுருக்கவும் மொழிபெயர்க்கவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை தரப்பட்டிருப்பது கட்டற்றது. 'கட்டற்ற கல்வி வளங்கள்' என்னும் தொடர் 2002இல் யுனெஸ்கோ கூட்டிய மன்றத்தில் வழக்கிற்கு வந்தது. 2019இல் அந்நிறுவனம் இவ்வளங்கள் குறித்த பரிந்துரை ஒன்றை ஏற்றது. கிரியேட்டிவ் கொமன்ஸ் எனப்படும் படைப்பாக்கப் பொதும உரிமங்கள் ஒரு வளத்தைக் கொண்டு யாது செய்யலாம் என்பதைக் குறியீடுகளால் அறிவிக்கின்றன. ஆசிரியர் முதலில் நோக்க வேண்டியது அக்குறியீட்டையே. 'மாற்றம் செய்யலாகாது' என்னும் கட்டுப்பாடுடைய ஒரு கதையை எளிய நடைக்கு மாற்றிப் பள்ளிக்கு வெளியே பகிர்தல் உரிம மீறலாகும்.

காப்புரிமைக் காலமும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. இந்தியாவில் அது படைப்பாளர் மறைவுக்குப்பின் 60 ஆண்டுகள். கனடாவில் 50 ஆண்டுகளாக இருந்தது 2022 டிசம்பர் 30 முதல் 70 ஆண்டுகளாயிற்று. எனினும் அதற்கு முன்னரே காலம் முடிந்த உரிமைகள் மீண்டும் உயிர்பெறவில்லை. ஆதலின் 1971இலோ அதற்கு முன்போ மறைந்தவர்கள் தம் வாழ்நாளில் வெளியிட்ட படைப்புகள் கனடாவில் பொதுவுடைமையாகும். 1947இல் மறைந்த சுவாமி விபுலாநந்தரின் எழுத்துகள் இவ்வகையின. 1982இல் மறைந்த பேராசிரியர் க. கைலாசபதியின் எழுத்துகளுக்கோ 2052ஆம் ஆண்டு முடியும்வரை இங்குக் காப்புரிமை உண்டு. தமிழ்நாட்டரசு நாட்டுடைமையாக்கிய நூல்களை எவரும் வெளியிடலாம் என்பது தமிழகத்தின் நற்பேறு. ஆயினும் அந்நூல்களுக்குப் பிறர் பின்னாளில் எழுதிய உரைக்கும் பதிப்புரைக்கும் அவ்வுரிமை தானாகப் பொருந்தாது.

கனடாவின் காப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டபோது, நியாயமான பயன்பாட்டிற்குரிய நோக்கங்களுள் கல்வியும் சேர்க்கப்பட்டது. ஒரு சிறு பகுதியை வகுப்பில் காட்டுதற்கு இது துணைசெய்யும். முழு நூலைப் படியெடுத்து விநியோகிக்க இஃது இடந்தராது.

3. முதன்மைக் களஞ்சியங்கள்

ஒவ்வொரு களஞ்சியமும் ஒவ்வொரு வகைத் தேவைக்கு உரியது. செய்யுளும் பழைய உரைநடையும் தட்டெழுத்து வடிவில் வேண்டுவோர்க்கு மதுரைத் திட்டம் முதற்புகலிடம். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தன்னார்வலர்களால் தொடங்கப்பெற்ற இத்திட்டத்தின் நூல்களிலிருந்து வேண்டிய பகுதியை எளிதில் எடுத்துப் பெரிய எழுத்தில் அச்சிடலாம். படிக்கத் தடுமாறும் மாணவர்க்காகச் சந்தி பிரித்தும் தரலாம்.

ஈழத்து நூல்கள், இதழ்கள், நாளிதழ்கள், சிறுவெளியீடுகள் ஆகியவற்றுக்கு 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் திட்டம் ஈடிணையற்றது. பாடசாலை மலர்கள், ஊர் மலர்கள், நினைவு மலர்கள் எனப் பெருநூலகங்கள் பெரும்பாலும் சேர்க்காத வெளியீடுகளும் அங்கு உள்ளன. 1981இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்தது என்னும் செய்தியை அறிந்த மாணவர்க்கு, ஓர் ஊர் மலரை எண்ணிம வடிவில் பேணுதலின் பொருள் விளங்கும். ஒளிப்படம், ஒலிப்பதிவு முதலியவற்றுக்கு அதன் பல்லூடகக் களமான ஆவணகம் உதவும்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் அரிய அச்சு நூல்களின் படிமங்களையும் நாட்டுடைமை நூல்களையும் தருகிறது. சொற்பொருள் வரலாற்றுப் பாடத்திற்குச் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய எண்ணிம அகராதித் தொகுப்பு பயன்படும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனையும் வின்சுலோ, பப்ரிசியசு அகராதிகளையும் அங்குக் கட்டணமின்றித் தேடலாம். பிற புலம்பெயர் சமூகங்களோடு ஒப்பிட விரும்பும் ஆசிரியர் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் செய்தித்தாள் தொகுப்பில் 1935இல் தோன்றிய தமிழ் முரசின் பழைய இதழ்களைக் காணலாம். அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தில் தமிழில் பதிவான வாய்மொழி வரலாற்று நேர்காணல்களையும் கேட்கலாம்.

பாடம் அமைக்கும் முறைக்குத் தமிழ்க் களஞ்சியங்கள் மட்டும் போதா. மூலச்சான்றுகளை மாணவர் அணுகுதற்கென ஐக்கிய அமெரிக்கக் காங்கிரசு நூலகம் வெளியிட்டுள்ள பயிற்சித்தாள் உற்றுநோக்கல், சிந்தித்தல், வினவுதல் என்னும் மூன்று நிலைகளை உடையது. அம்மூன்று தலைப்புகளையும் தமிழில் எழுதிக்கொண்டால் எந்தப் படத்திற்கும் ஆவணத்திற்கும் அது பொருந்தும். அந்நாட்டு மானுடப் புலங்களுக்கான தேசிய நிதியத்தின் எட்சைட்மென்ட் தளமும் ஆயத்தப் பாடங்களை இலவசமாக வழங்குகிறது.

4. தேடும் முறை

பொதுத் தேடுபொறியில் ஒரு சொல்லை இட்டு முதலில் வருவதை எடுத்துக்கொள்வதே பலர் வழக்கம். தமிழ்ச் சான்றுகளைப் பொறுத்தவரை இம்முறை மூன்று காரணங்களால் பயன் குன்றுகிறது.

முதலாவது, பல நூல்கள் பக்கப் படிமங்களாகவே ஏற்றப்பட்டுள்ளன. படிமத்துள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி பெரும்பாலும் படிப்பதில்லை. நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு, பொருட்பகுப்பு ஆகியவற்றைக் கொண்ட பட்டியற்குறிப்பே அங்கு வாயில். ஆகவே களஞ்சியத்தின் உள்ளே சென்று பட்டியல் வழியாகத் தேட வேண்டும்.

இரண்டாவது, எழுத்து வழக்கு ஒரு சீராக இல்லை. ரொறன்ரோ, டொராண்டோ எனவும், கனேடிய, கனடிய எனவும் எழுதப்படும் சொற்களுள் ஒன்றை மட்டும் இட்டால் மற்றது தப்பிவிடும். ஈழத்து வழக்கும் தமிழக வழக்கும் பிறமொழிப் பெயர்களை எழுதுவதில் வேறுபடுவதை ஆசிரியர் நினைவிற் கொள்ள வேண்டும். கருத்துச் சொற்களிலும் இவ்வாறே. அகதி, ஏதிலி, புகலிடம் கோருவோர் ஆகிய மூன்றையும் தனித்தனியே தேட வேண்டும். யூனிகோடு பரவுமுன் வேறு குறியாக்கங்களில் ஏற்றப்பட்ட பக்கங்கள் இக்காலத் தேடலில் அகப்படாமையும் உண்டு.

மூன்றாவது, முதலில் தோன்றும் பக்கம் மூலமாக இல்லாமல் படியின் படியாக இருத்தல் கூடும். யார் எழுதியது, எப்போது, எந்தப் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்னும் மூன்றுக்கும் விடை தராத மேற்கோளைப் பாடத்தில் சேர்க்கலாகாது. தட்டெழுத்துப் படியில் ஐயம் தோன்றும்போது அச்சு நூலின் படிமத்தோடு ஒப்பிடுதல் நன்று.

5. மாதிரிப் பாடம்: கரைசேர்ந்த 155 பேர்

1986 ஆகஸ்ட் 11 அன்று நியூஃபவுண்ட்லாந்தின் சென்ட் சொட்ஸ் அருகே இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழரை உள்ளூர் மீனவர் கண்டு காப்பாற்றினர். கனடாத் தமிழர் வரலாற்றில் முதன்மையான இந்நிகழ்வை 13 வயதுக்கு மேற்பட்ட மாணவர்க்கு இருவாரப் பாடமாக அமைக்கலாம்.

முதற்சான்று கனடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் பேணிவரும் அக்காலச் செய்திப் படத்துண்டு. அஃது இலவசமாகப் பார்க்கக் கிடைப்பது, ஆனால் கட்டற்றதன்று. எனவே தரவிறக்காமல் இணைப்பின் வழியாகவே காட்ட வேண்டும். முதன்முறை ஒலியின்றிக் காட்டி, கண்டவற்றை மட்டும் தமிழில் எழுதச் செய்தல் தகும். மொழித்திறன் குறைந்த மாணவரும் இதில் பங்குபெறுவர்.

இரண்டாம் சான்று கனடிய நாடாளுமன்றத்தின் வரலாற்று விவாதப் பதிவுகள். 1867 முதலான பதிவுகளை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். 1986இல் தமிழரும் 1987இல் நோவா ஸ்கோசியாவில் சீக்கியரும் வந்திறங்கிய பின்னர் ஏதிலியர் சட்டங்கள் குறித்து எழுந்த வாதங்களிலிருந்து எதிரெதிரான இரு பத்திகளை ஆசிரியர் எடுத்து, தமிழ்ச் சுருக்கத்தோடு வழங்கலாம். ஏதிலித் தகுதி கோருவோரின் நம்பகத்தன்மை முடிவு செய்யப்படும் இடத்து வாய்மொழி விசாரணை வேண்டும் என உறுதிசெய்த 1985ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் சிங் தீர்ப்பும் இணையத்தில் உள்ளது. உயர்வகுப்பு மாணவர் அதன் முன்பகுதியைப் படிக்கலாம்.

மூன்றாவது, அக்கால ஈழத்து நாளிதழ்கள். நூலகம் திட்டத்தில் உரிய மாதத்து இதழ்கள் உள்ளனவா என்பதை மாணவரே தேடிப் பார்க்கட்டும். குறித்த நாளின் இதழ் கிட்டாவிடில், 'ஏன் கிட்டவில்லை?' என்பதே வரலாற்று வினாவாகும். போர்க்காலத்தில் எவை அச்சாயின, எவை எஞ்சின என்பதை அவர்கள் எண்ணத் தொடங்குவர்.

இப்பாடத்தின் நெஞ்சம் ஒரு முரண்பாட்டில் உள்ளது. கரைசேர்ந்தோர் தாம் இந்தியாவிலிருந்து வந்ததாக முதலில் கூறினர். அவர்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து புறப்பட்டவர்கள் என்பது பின்னர்த் தெரியவந்தது. இதனை மறைத்துப் பாடம் நடத்துதல் எளிது. ஆனால் மாணவர் இணையத்தில் தாமே இதனைக் கண்டறியும் நாளில் ஆசிரியர் சொன்ன பிறவற்றையும் ஐயுறுவர். மாறாக, 'பாதுகாப்புத் தேடுவோர் தாம் வந்த வழியை மறைக்க எவை காரணமாகலாம்? அக்காலச் செய்தியாளர் இதனை எவ்வாறு எழுதினர்? அச்செய்தி அவர்களைப் பற்றிய பொதுமக்கள் கருத்தை எவ்வாறு பாதித்தது?' என்னும் வினாக்களை முன்வைத்தால், தம் சமூகத்தின் வரலாற்றைத் தற்காப்புமின்றிக் குற்றச்சாட்டுமின்றி அணுக அவர்கள் கற்றுக்கொள்வர்.

வீட்டுப் பெரியோரிடம் நேர்காணல் செய்யுமாறு பணித்தல் இத்தகைய பாடங்களில் இயல்பு. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. போர், பயணம் பற்றிய நினைவுகளை எல்லாக் குடும்பங்களும் வகுப்பறைக்குத் தர விரும்புவதில்லை. சட்டநிலை குறித்த அச்சமும் சிலர்க்கு இருக்கலாம். ஆகவே நேர்காணல் விருப்பத்திற்கு உரியதாக இருத்தல் வேண்டும். விரும்பாதவர்க்கு வெளியிடப்பட்ட வாய்மொழிப் பதிவொன்றை மாற்றாகத் தரலாம். பதிவுகளைப் பள்ளி சேமிப்பதாயின் எழுத்து வழி ஒப்புதல் பெறுதல் கட்டாயம்.

6. பரிந்துரைகள்

முதலாவதாக, ஒவ்வொரு பாடத்துடனும் ஒரு பக்கக் குறிப்புத்தாள் இணைக்கப்பட வேண்டும். சான்றின் பெயர், களஞ்சியம், பதிப்பு, உரிம நிலை, பார்த்த நாள், உகந்த வயது ஆகிய ஆறும் அதில் இருப்பின் அடுத்த ஆசிரியர் அத்தேடலை மீண்டும் தொடங்க வேண்டியதில்லை.

இரண்டாவதாக, ஆசிரியர் தம் பாடங்களைத் தாமே கட்டற்ற உரிமத்தில் வெளியிட வேண்டும். வார இறுதிப் பள்ளிகளில் ஆண்டுதோறும் உருவாகும் பயிற்சித்தாள்கள் ஆசிரியர் விலகும்போது அவர்தம் கணினியோடு மறைகின்றன. அவற்றை நிலையான எண்ணிமக் களஞ்சியத்தில் சேர்ப்பதற்கு வழிவகுத்தல் ஆய்வு நூலகங்களின் பணியாக வேண்டும்.

மூன்றாவதாக, எண்ணிம நூலகங்கள் தம் பட்டியற்குறிப்புகளில் பெயர் வேறுபாடுகளையும் வகுப்பறைக்கு உகந்த வயதுநிலையையும் சேர்க்குமாயின் ஆசிரியர் தேடலில் செலவிடும் காலம் பெரிதும் குறையும். ஆய்வாளர் பொருட்டு அமைந்த பட்டியல் ஆசிரியர்க்கும் திறக்கும் வழி அதுவே.

7. முடிவுரை

கட்டற்ற வளங்களின் பெருக்கம் புலம்பெயர் தமிழ்க்கல்விக்கு வாய்த்த பெரும்பேறு. எனினும் வளத்தையும் மாணவரையும் இணைப்பவர் ஆசிரியரே. உரிமையை அறிந்து, பதிப்பை ஆராய்ந்து, அளவறிந்து வழங்கும் ஆசிரியரிடம் ஒரு படகுச் செய்தியும் ஓர் ஊர் மலரும் ஆழ்ந்த பாடங்களாகின்றன. வாரத்திற்கு இரண்டரை மணி நேரத்தில் தமிழர் வரலாறு முழுவதையும் கற்பித்தல் இயலாது. சான்றைக் கேட்கவும் தேடவும் எடைபோடவும் தமிழ் மொழியிலேயே பழக்குதல் இயலும். அப்பழக்கம் பெற்ற மாணவர் எஞ்சியதைத் தாமே தேடிக்கொள்வர்.