'கடக்' சத்தத்துக்கு என்ன விலை?

பழைய ஆல்ட்டோவைப் பார்க்க வருகிறவர் பானட்டைத் திறக்கும் முன்பே கேட்டுவிடுவார்: "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துக்கலாமா சார்?" அந்த ரவுண்டு தெருமுனை வேகத்தடை வரைக்கும்தான். கூடவே வந்த மெக்கானிக் முன்சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, காதைத் தீட்டிக்கொள்வார். முன்சக்கரம் ஏறி இறங்கும்போது அடியில் 'கடக்' என்று ஒன்று கேட்டால் போதும், பேரம் அங்கேயே தொடங்கிவிடும். "சஸ்பென்ஷன் மொத்தமும் போச்சு சார், பெரிய செலவு இருக்கு" என்று விலையில் ஆயிரங்களை வெட்டுவார்கள். பல நேரங்களில் அங்கே போயிருப்பது சில நூறு ரூபாய் பெறுகிற ஒரு ரப்பர் புஷ் மட்டுமே.

நம் சாலைகளில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்தான். ஏர்ல் மெக்ஃபெர்சன் ஓர் அமெரிக்க எஞ்சினியர். 1940களில் ஜெனரல் மோட்டார்ஸில், 'கேடட்' என்ற சின்னக் காரை வடிவமைக்கும் பொறுப்பில் இருந்தார். அந்தக் கார் விற்பனைக்கே வரவில்லை. அவர் ஃபோர்டுக்கு மாறினார். 1950இல் பிரிட்டனில் அறிமுகமான ஃபோர்டு கான்சல் இந்த அமைப்போடு வந்தது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800க்கும் முன்பக்கம் இதுவே. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்து ஒரே தூணாக நிற்கும். கீழே லோயர் ஆர்ம் சக்கரத்தைப் பிடித்திருக்கும். ஆர்மின் ஒரு முனையில் புஷ், மறுமுனையில் பால் ஜாயின்ட். தூணின் தலையில் மவுன்ட்டும் பேரிங்கும். இவ்வளவுதான் கணக்கு. பாகங்கள் குறைவு என்பதால் காரும் மலிவு, ரிப்பேரும் மலிவு.

எனவே விற்கப்போகிறவர் முதலில் சத்தத்தின் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும். சின்னச் சின்னப் பள்ளங்களில் 'கடகட'வென்று கேட்டால் புஷ்ஷையோ, ஸ்விஃப்ட் போன்ற கார்களில் லிங்க் ராடையோ சந்தேகிக்கலாம். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் 'டொய்ங்' என்று துள்ளினால் மேல் மவுன்ட் பேரிங். ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து அதன்மேல் புழுதி அப்பியிருந்தால் சீல் போய்விட்டது. முன்பக்க ஓரத்தை அழுத்திவிட்டால் கார் ஒருமுறை எழும்பி அடங்க வேண்டும். தொட்டில்போல ஆடிக்கொண்டிருந்தால் ஷாக் முடிந்தது.

எதை மாற்றுவது, எதை விடுவது? புஷ், லிங்க் ராடு, பால் ஜாயின்ட் மூன்றையும் யோசிக்காமல் மாற்றிவிடலாம். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் பக்கவாட்டில் மடங்கி, கார் நடுரோட்டில் உட்கார்ந்துவிடும். அப்படி ஒரு வண்டியைத் தெரிந்தே அடுத்தவர் தலையில் கட்டுவது வியாபாரம் ஆகாது. ஷாக் கசிந்தாலோ, கார் தொட்டில்போல ஆடினாலோ மட்டும் அதை மாற்றினால் போதும். ஆனால் இடது, வலது இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். நன்றாக இருக்கும் பின்பக்க ஷாக், ஸ்பிரிங் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு அந்தப் பணத்தை விலையில் ஏற்றிவிடலாம் என்று நினைப்பது வீண். போட்ட காசு முழுதாகத் திரும்பாது. அதிலும் 2025 செப்டம்பர் 22 முதல் புதிய சின்னக் கார்களுக்கான ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கிவிட்டது. புதுக் கார் விலை குறைந்தால் பழையது நிமிர்ந்து நிற்குமா?

வேலை நடக்கும்போது கூட நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை இறுக்கிவிடுகிற பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. கார் தரையில் இறங்கியதும் அந்த ரப்பர் எந்நேரமும் முறுக்கியபடியே நிற்கும். சீக்கிரமே கிழிந்தும் போகும். காரின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு. ஸ்பிரிங்கைக் கழற்ற கம்ப்ரசர் கருவி இல்லாமல் கயிறு, கம்பி என்று சமாளிக்கிற பட்டறையா? வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது நல்லது. அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே சாய்த்துவிடும். எல்லாம் முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

பாகங்களுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஷாக் தயாரிக்கும் கேப்ரியல் நிறுவனத்துக்கு ஓசூரிலேயே தொழிற்சாலை இருக்கிறது. ஸ்டியரிங், சஸ்பென்ஷன் ஜாயின்ட்டுகளுக்கு சென்னையின் ரானே. புதுப்பேட்டையில் கழற்றிய சாமான் மலிவாகக் கிடைக்கும்தான். கதவு, கண்ணாடி, விளக்கு வாங்க அது அருமையான இடம். ஷாக்கும் பால் ஜாயின்ட்டும் வாங்க அல்ல.

மாற்றிய பாகங்களின் பில்லையும், கழற்றிய பழைய புஷ்ஷையும் ஒரு பையில் போட்டு வைத்திருந்து காட்டினால் பேரத்தின் குரல் தானாக இறங்கும்.

இத்தனை கவனமாக வண்டியைத் தயார் செய்கிறவர்கள் கோட்டை விடுவது காகிதத்தில். பணம் கைக்கு வந்ததும் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவுப்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்றவரே ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் பெயர் மாறாவிட்டால் என்ன ஆகும் என்பதை உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அந்த வழக்கில் சம்பந்தப்பட்ட கார் 2007இலேயே விற்கப்பட்டு, அடுத்தடுத்துக் கைமாறியிருந்தது. 2009இல் அது விபத்தில் சிக்கியபோதும் பதிவுப் புத்தகத்தில் பழைய பெயரே இருந்தது; இழப்பீட்டுப் பொறுப்பு அந்தப் பெயருக்குரியவர் மேலேயே விழுந்தது.

இன்ஷூரன்ஸ் நோ கிளெய்ம் போனஸ் காரோடு போகாது, விற்றவருக்கே சொந்தம். அதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். ஃபாஸ்டேகை ரத்து செய்யுங்கள். பெயர் மாறிவிட்டதா என்பதை பரிவாகன் தளத்தில் நீங்களே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். புரோக்கரின் "ஆயிடுச்சு சார்" அதற்கு ஈடாகாது.