மயக்க ஊசிக்கு முன் ஓர் எக்கோ

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட எண்பது வயது மூதாட்டிக்கு அறுவை சிகிச்சை தள்ளிப்போகக் கூடாது. படுக்கையில் கிடக்கக் கிடக்க நிமோனியா, காலில் ரத்தக்கட்டு, படுக்கைப் புண் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். மருத்துவமனையில் சேர்த்த அன்றோ மறுநாளோ முடித்துவிட வேண்டும் என்கிறது பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பின் வழிகாட்டுதல். இந்த அவசரத்தில், மார்பில் ஸ்டெதஸ்கோப் வைக்கும் மயக்கவியல் மருத்துவருக்குத் துடிப்போடு சேர்ந்து ‘உஸ்’ என்று ஓர் இரைச்சல் கேட்டால் என்ன செய்வார்?

அது வயதானவர்களிடம் கேட்கும் தீங்கற்ற ஓசையாக இருக்கலாம். இதயத்தின் வாசலான அயோர்ட்டிக் வால்வு சுண்ணாம்பு படிந்து சுருங்கியதன் அடையாளமாகவும் இருக்கலாம். 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் திறக்க வேண்டிய வால்வு, பாதிப்பு முற்றியவர்களுக்கு 1 சதுர சென்டிமீட்டர்கூடத் திறக்காது. அப்படிப்பட்டவருக்கு முதுகில் வழக்கமான அளவு மரப்பு ஊசி போட்டால் கால்களின் ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரியும். ரத்த அழுத்தம் இறங்கும். நல்ல இதயம் கூடுதல் ரத்தத்தைத் தள்ளிச் சமாளிக்கும். இந்த இதயத்துக்கு அதற்கு வழியில்லை. அழுத்தம் இறங்கியதும் இதயத் தசைக்கே ரத்தம் போதாமல் போகிறது, துடிப்பு தளர்கிறது, அழுத்தம் இன்னும் சரிகிறது.

மீயொலியால் இதயத்தைத் திரையில் காட்டும் எக்கோ சோதனையைப் படுக்கையருகிலேயே செய்யலாம்; அது இந்த ஆபத்தை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறது. ஜெல் தடவிய மீயொலிக் கருவியின் முனையை (புரோப்) மார்பெலும்பின் இடது ஓரத்தில், விலா எலும்புகளுக்கு நடுவே வைத்துச் சற்றுச் சாய்த்தால் இடது கீழறை சுருங்கி விரிவது திரையில் தெரியும். மெல்லிய கோடுகளாகப் படபடக்க வேண்டிய வால்வின் இதழ்கள், சுண்ணாம்பு ஏறியிருந்தால் வெள்ளையாகத் தடித்து அசைய மறுக்கும். இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா, உடலில் நீர் வற்றியிருக்கிறதா என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம். எல்லாம் சில நிமிட வேலை. 1953-ல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லர், ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இருவர், உலோகத்தில் விரிசல் தேடும் கருவியைக் கொண்டுதான் இதயத்தின் அசைவை முதன்முதலில் மீயொலியால் பதிவுசெய்தார்கள். இன்று எக்கோ கருவி சட்டைப்பையில் அடங்கிவிடுகிறது.

வால்வு சுருங்கியிருக்கிறது என்பதற்காக இடுப்பு அறுவை சிகிச்சையைக் கைவிட வேண்டியதில்லை. மயக்கம் கொடுக்கும் முறையை மாற்றினால் போதும். முதுகில் ஒரே ஊசியாகப் போடாமல் கவனமாக முழு மயக்கம் கொடுக்கலாம். அல்லது நுண்குழாய் வழியே மரப்பு மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தலாம். மணிக்கட்டுத் தமனியில் குழாய் செருகி ஒவ்வொரு துடிப்பிலும் அழுத்தத்தைக் கண்காணிப்பார்கள். அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஐசியூவில் படுக்கையும் ஒதுக்கியிருப்பார்கள். இந்தச் சோதனையின் ஆகப்பெரிய பயனாக நான் கருதுவது இந்தத் தயார்நிலையைத்தான்.

எல்லா நோயாளிகளுக்கும் இந்தப் படுக்கையருகு எக்கோ தேவைப்படாது. முழுமையான எக்கோவுக்கு இது ஈடாகவும் முடியாது. டாப்ளர் என்ற மீயொலி முறையால் வால்வின் நெருக்கத்தைத் துல்லியமாக அளப்பது இதயநோய் நிபுணரின் வேலை. பயிற்சி இல்லாத கையில் இந்தக் கருவி பொய்யான நம்பிக்கையைத் தந்துவிடும்.

வீட்டில் பெரியவர்களுக்கு அறுவை சிகிச்சை என்றால், மாடி ஏறும்போது மூச்சு வாங்குமா, நெஞ்சு வலித்ததுண்டா, எப்போதாவது மயங்கி விழுந்தார்களா என்பதையெல்லாம் மயக்கவியல் மருத்துவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வழுக்கி விழுந்ததாக நாம் நினைப்பதே அப்படியொரு மயக்கமாக இருந்திருக்கலாம். பழைய எக்கோ ரிப்போர்ட் இருந்தால் அதையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.