தோல்வியே காணாத ஹெவிவெயிட் வீரர்: பெரிய மோதலுக்கு எப்போது அனுப்பலாம்?

லண்டன், 2020 நவம்பர் 28. கொரோனா காலம் என்பதால் அரங்கில் பார்வையாளர்கள் இல்லை. குத்துச்சண்டை ரிங்கில் 23 வயது டேனியல் டுபுவா. அதுவரை ஆடிய 15 போட்டிகளிலும் வெற்றி, அதில் 14 நாக்-அவுட். எதிரே அனுபவசாலி ஜோ ஜாய்ஸ். ஜாய்ஸின் இடதுகை ஜாப், சுற்றுக்குச் சுற்று டுபுவாவின் இடது கண்ணிலேயே விழுந்தது. கண் வீங்கி மூடிக்கொண்டது. 10-வது சுற்றில் மேலும் ஒரு ஜாப். டுபுவா ஒரு முழங்காலை ஊன்றினார். நடுவர் எண்ணி முடிக்கும்வரை எழவில்லை. கண்குழி எலும்பு முறிந்திருந்தது பின்னர் தெரியவந்தது.

வெற்றிக் கணக்கு எதை மறைக்கிறது?

ஹெவிவெயிட் பிரிவுக்கு எடையில் உச்சவரம்பு கிடையாது. ஒரே குத்தில் ஆட்டம் முடிந்துவிடும். பலவீனமான எதிராளிகள் முதல் இரண்டு சுற்றுகளிலேயே சாய்ந்துவிட்டால், மூச்சு வாங்கும்போது எப்படித் தற்காப்பது, குத்து வாங்கிய பிறகு எப்படி நிதானிப்பது என்பதை இளம் வீரர் கற்கவே முடியாது. ஆனாலும் வெற்றிக் கணக்கு ஏறிக்கொண்டே போகும். புரமோட்டர்களும் அதைக் காட்டித்தான் டிக்கெட் விற்கிறார்கள். 38 போட்டிகளில் தோற்காமல் வந்த டுவேன் பாபிக்கை, 1977-ல் கென் நார்ட்டன் 58 விநாடிகளில் முடித்துவிட்டார்.

டைசன் சென்ற வேகம்

மைக் டைசன் 1985-ல் மட்டும் 15 போட்டிகள் ஆடினார், எல்லாமே நாக்-அவுட். 1986 மே மாதம் ஜேம்ஸ் டில்லிஸ் அவரை 10 சுற்றுகளுக்கு இழுத்தார். 17 நாள் கழித்து மிட்ச் கிரீனும் 10 சுற்றுகள் தாக்குப்பிடித்தார். அந்த நவம்பரில், தன் 28-வது போட்டியில், ட்ரெவர் பெர்பிக்கை வீழ்த்தி 20 வயதில் சாம்பியன் ஆனார் டைசன். அசுர வேகம்தான், ஆனால் நீண்ட ஆட்டத்தின் பாடத்தை அதற்கு முன்பே படித்திருந்தார்.

இதற்கு மாறாக, பிரிட்டனின் மோசஸ் இட்டாமா, 2025 ஆகஸ்ட்டில் தன் 13-வது போட்டியில் டில்லியன் வைட்டை முதல் சுற்றிலேயே சாய்த்தார். வயது 20. திறமையில் சந்தேகமே இல்லை. ஆனால், அதுவரை அவர் 6 சுற்றுகளைத் தாண்டியதில்லை. 9-வது சுற்றில், களைத்த கால்களோடு அவர் என்ன செய்வார் என்பதை அன்றுவரை யாரும் பார்த்திருக்கவில்லை.

சரியான வேகம் எது?

வயதோ வெற்றி எண்ணிக்கையோ அளவுகோல் ஆகக் கூடாது. எளிதில் விழாத மூத்த வீரர், நல்ல ஜாப் உள்ள உயரமானவர், இடதுகைக்காரர் என்று ஒவ்வொரு போட்டியும் புதிய சோதனையாக இருக்க வேண்டும். 8 சுற்று, 10 சுற்று ஆட்டங்களில் தேறிய பிறகே பட்டப் போட்டி. சோதனையில் தேறியவரைக் காக்கவைப்பதும் தவறு. மேலும் எளிய வெற்றிகள் அவருக்கு எதையும் கற்றுத்தராது.

ஒரு தோல்வியோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. 2024 செப்டம்பரில், வெம்ப்ளி மைதானத்தில், அதே டுபுவா ஆண்டனி ஜோஷுவாவை 5-வது சுற்றில் வீழ்த்தினார். ஆனால் எல்லாக் காயங்களும் அப்படி ஆறிவிடுவதில்லை. தோல்வியே காணாத வீரர் என்ற விளம்பரத்தை அடுத்த முறை பார்த்தால், யாரை வென்றார், எத்தனை சுற்று ஆடினார் என்று கேளுங்கள்.