கன்னத்துச் சிவப்பும் கலையும் கருவும்



பருத்தி எடுக்கவோ வெங்காயம் பிடுங்கவோ வெயிலில் போய்வந்த பெண்ணுக்கு இரண்டு கன்னமும் மூக்குத்தண்டும் சேர்ந்தாற்போல், வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்த மாதிரி சிவந்து போகிறதா? "மங்குதான், போயிடும்" என்று மஞ்சள் பூசிச் சும்மா இருந்துவிடுகிறோம். கூடவே விரல் மூட்டுவலி, வாய்ப்புண், கொத்துக் கொத்தாக முடி கொட்டுதல், விட்டுவிட்டுக் காய்ச்சல் இருந்தால் அது 'லூபஸ்' என்ற நோயாக இருக்கக்கூடும்.

கிருமிகளை எதிர்க்க நம் உடம்பில் ஒரு காவல் சக்தி உண்டு. வேலியே பயிரை மேய்ந்த கதையாக, இந்நோயில் அது சொந்த உடம்பையே தாக்குகிறது. தோல், மூட்டு, இரத்தக் குழாய்களைத் தாங்கி நிற்கும் இணைப்புத் திசுக்கள் புண்படுகின்றன. சிறுநீரகமும் கெடலாம். கால் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்துப் போனாலோ தாமதிக்காதீர்கள். நோயாளிகள் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள். இது ஒட்டுவாரொட்டி அல்ல. கணவர் ஒதுங்கிப் படுக்க வேண்டியதே இல்லை.

சிலருக்கு இந்நோயோடு இரத்தம் உறையும் தன்மையும் சேர்ந்து, கரு தங்காமல் கலைந்து கலைந்து போகும். "ராசியில்லாதவ" என்று பேசி, மறு கல்யாணப் பேச்சு வரை போகிற வீடுகளும் உண்டு. இரத்தத்தைச் சோதித்தால் காரணம் தெரியும், வைத்தியமும் இருக்கிறது.

லூபஸ் உள்ளவர்களும் பிள்ளை பெறலாம். ஆனால், நோய் குறைந்தது 6 மாதம் அடங்கியிருக்க வேண்டும். அதுவரை காப்பர் டி அல்லது நிரோத் போதும். கருத்தடை மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். சிலருக்கு அதனால் இரத்தம் கட்டும். நோய்க்குத் தரும் மருந்துகளில் சில கருவைப் பாதிக்கும் என்பதால், குழந்தை வேண்டும் என்ற எண்ணத்தை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை அப்படியல்ல. கர்ப்பம் என்றதும் பயந்து அதை நிறுத்துகிறார்கள். நிறுத்தினால்தான் நோய் கிளம்பும். ஸ்டீராய்டு மாத்திரையையும் திடீரென்று விடக்கூடாது.

வயல் வேலையை விட முடியாது, தெரியும். உச்சி வெயிலையாவது தவிருங்கள். முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் உதவும்.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். பெரம்பலூரில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையும், அரியலூரில் 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. மேல்சிகிச்சை தேவையானால் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித் துறை உண்டு. பழைய சீட்டுகளை எடுத்துக்கொண்டு கணவரும் கூடவே போங்கள்.