'இருந்தாலும்' என்ற ஒரு சொல்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரைச் சிந்தனை)



"பொண்ணு கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா." பெண் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இப்படிச் சொல்வதை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பாராட்டின் நடுவில் 'இருந்தாலும்' என்று ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறது. கறுப்பு ஒரு குறை, அதை நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம் என்பதுதான் அதன் பொருள். இன்று அந்த ஒரு சொல்லைப் பற்றிச் சிந்திப்போம்.

திருவிவிலியத்திலும் இதே சிக்கல் உண்டு. இனிமைமிகு பாடலின் முதல் அதிகாரத்தில் தலைவி எருசலேம் மங்கையரிடம் தன் நிறத்தைப் பற்றிப் பேசுகிறாள். தான் கறுத்தவள் என்கிறாள். தான் எழில்மிக்கவள் என்றும் சொல்கிறாள். இந்த இரண்டையும் இணைக்க எபிரேய மூலத்தில் இருப்பது ஓரெழுத்து இணைப்புச்சொல். அதை 'உம்' என்றும் படிக்கலாம், 'ஆனால்' என்றும் படிக்கலாம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு 'உம்' என்று எடுத்துக்கொண்டது. அங்கே கறுப்பும் எழிலும் சேர்ந்தே நிற்கின்றன. இலத்தீன் மொழிபெயர்ப்பில் அது 'ஆனால்' ஆயிற்று. அங்கே கறுப்பு, மன்னித்து ஏற்கவேண்டிய ஒன்றாகிவிட்டது.

அவள் எப்படிக் கறுத்தாள்? சகோதரர்கள் அவளைத் திராட்சைத் தோட்டக் காவலுக்கு அனுப்பினார்கள். வெயில் பட்டுக் கறுத்தாள் என்று அதே அதிகாரம் சொல்கிறது. வீட்டுக்காக வெயிலில் நின்றவள் அவள். பாகூர் வயலில் நாற்று நடும் பெண்ணுக்கும், நம் கடற்கரையில் கருவாடு காயவைக்கும் பெண்ணுக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நிறம் என்பது என்ன? நம் தோலில் நிறமியைச் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. அவை வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். அவை சுரக்கும் 'மெலனின்' என்னும் நிறமியின் அளவும் வகையும்தான் வேறுபடுகின்றன. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து உடலைக் காப்பது அந்த மெலனின்தான். கடவுள் கொடுத்த குடை அது. கருவுற்ற பெண் குங்குமப்பூ சாப்பிட்டால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்பதில் உண்மை இல்லை. நிறம் பெற்றோரின் மரபணு வழியாக வருகிறது.

ஆனாலும் அந்தக் குடையைக் கிழிக்க நாம் காசு கொடுக்கிறோம். இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 1975-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' கிரீமைக் கொண்டுவந்தது. நிறம் மாறினால்தான் வேலையும் வரனும் கிடைக்கும் என்று அதன் விளம்பரங்கள் ஒரு தலைமுறைப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தன. 2009-இல் சென்னையிலிருந்து 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கம் புறப்பட்டது. 2014-இல் விளம்பரத் தர மன்றம், கறுப்பு நிறத்தவரைத் தாழ்வாகக் காட்டக்கூடாது என்று விதி வகுத்தது. 2020-இல் அந்தக் கிரீம் 'க்ளோ அண்ட் லவ்லி' எனப் பெயர் மாறியது. பெயர் மாறியது, நம் பேச்சு மாறியதா?

இது மனத்தை மட்டும் தொடும் காரியமல்ல. முகவரி இல்லாத சில கிரீம்களில் பாதரசம் கலந்திருக்கிறது. பாதரசம் மெலனின் சுரப்பதைத் தடுக்கும்; தோல் வழியாக இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். கேரளத்தில் கோட்டக்கல் மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் அரிதான ஒரு வகை இருந்தது. அந்தப் 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் கிரீம் பூசியவர்கள். கிரீமை நிறுத்தியபின் பெரும்பாலோர் தேறினார்கள்.

இன்னொன்று ஸ்டீராய்டு கலந்த டியூப். பூசிய சில நாளில் முகம் பளிச்சென்று தெரியும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து சிவக்கும், பரு வரும், முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் எரிச்சல் கூடும் என்பதால் விடவும் முடியாது. 2018 முதல் இத்தகைய பல மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. ஆகவே தாய்மாரே, பிள்ளையின் அலமாரியில் உள்ள கிரீமை எடுத்துப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயரும் சேர்மானங்களும் அச்சிடப்படவில்லை என்றால் அதைப் பூச விடாதீர்கள்.

அப்படியானால் அழகுபடுத்திக்கொள்வது பாவமா? இல்லை. எஸ்தர் அரசன்முன் செல்வதற்குமுன் பன்னிரண்டு மாதம் நறுமண எண்ணெயும் வாசனைப் பொருள்களும் பூசி அலங்கரிக்கப்பட்டார் என்று விவிலியம் சொல்கிறது. அதை அது குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நாம் எஸ்தரை நினைப்பது அந்த எண்ணெய்க்காக அல்ல. அழைக்கப்படாமல் அரசன்முன் சென்றால் உயிர்போகும் என்று தெரிந்தும் தன் மக்களுக்காகச் சென்றாரே, அதற்காக. பூவும் பொட்டும் வைத்துக்கொள்வது மகிழ்ச்சி. அவை இல்லாவிட்டால் நான் ஒன்றுமில்லை என்று ஒரு பிள்ளை நம்புவதுதான் அளவுமீறல்.

அந்த நம்பிக்கையை ஊட்டுவது யார்? விளம்பரம் மட்டுமா? குழந்தை பிறந்ததும் "ஆணா, பெண்ணா" என்று கேட்டு, அடுத்து "என்ன நிறம்" என்று கேட்பது யார்? அக்காவையும் தங்கையையும் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுவது யார்? "நிறம் கொஞ்சம் கம்மி, இன்னும் ஐந்து பவுன் போடுங்கள்" என்று கேட்பது யார்? வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-இல். இன்றும் தோலின் நிறத்துக்குப் பவுனில் விலை வைக்கிறோம். அந்தக் கடனைத் தகப்பன் கட்டுகிறார். 'நான் குறைந்தவள்' என்ற எண்ணத்தை மகள் சுமக்கிறாள். அன்பாக இரண்டு வார்த்தை பேசும் எவனையும் அவள் எளிதாக நம்பிவிடுவதற்கும் இது ஒரு காரணமாகிறது.

மகன்களைப் பெற்றவர்களே, பெண் பார்க்கப் போகும்போது நிறத்தைக் கேட்காதீர்கள். இளைஞர்களே, உங்களுக்காக வீட்டார் அப்படிக் கேட்டால், "வேண்டாம்மா" என்று சொல்லும் துணிவு உங்களுக்கு வேண்டும். நம் முன்னோர் "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்றார்கள். அதில் 'இருந்தாலும்' இல்லை. இந்த வாரம் நம் வீட்டுப் பேச்சிலிருந்தும் அந்தச் சொல்லை எடுத்துவிடுவோம்.

மன்றாடுவோம்: தாவீதைத் தேர்ந்தபோது முகத்தைப் பாராமல் அகத்தைப் பார்த்த ஆண்டவரே, எங்கள் பெண்பிள்ளைகளை உம் கண்களால் பார்க்க எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.